1927 யாங்கீஸும் 1998 யாங்கீஸும்: கணினி தரும் முடிவை எவ்வளவு நம்பலாம்?

பழைய அணிகளும் வீரர்களும் அடங்கிய ஒரு கணினி பேஸ்பால் விளையாட்டில் 1927ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணியையும் 1998ஆம் ஆண்டு யாங்கீஸ் அணியையும் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் மோதவிட்டதாகவும், 1998 அணி 4-1 என்று வென்றுவிட்டதாகவும், 1927 அணியின் நட்சத்திர பேட்டர் பேப் ரூத் ஐந்து ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன்கூட (பேட்டர் தன் அடியாலேயே எல்லாத் தளங்களையும் சுற்றி ரன் எடுப்பது, பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து) அடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பலாமா, இது கணக்கா அல்லது வெறும் பகடையா என்பது உங்கள் கேள்வி. எந்த அணி பெரியது என்று நீங்கள் கேட்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வீரரின் பதிவான எண்களை மென்பொருள் சரியாகத் திருப்பித் தருகிறதா என்பது முதலாவது. எழுபது ஆண்டு இடைவெளியில் ஆடியவர்களை ஒரே களத்தில் நிறுத்துவதற்கு அது செய்யும் மாற்றம் நியாயமானதா என்பது இரண்டாவது. ஒரே ஒரு தொடரின் முடிவுக்கு என்ன மதிப்பு என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்; நடுவில் இருப்பதுதான் சிக்கலானது. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன், இத்தகைய விளையாட்டுகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடி வருபவன். பேஸ்பாலைக் களத்தில் இறங்கி ஆடியவன் அல்லன் என்பதால், பந்து எப்படி வளைகிறது என்பதில் என் சொல்லை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னோடியான அட்டை விளையாட்டைப் பார்ப்பது எளிது. ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு பிட்சருக்கும் (பந்தை எறிபவர்) ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று சொல்லும். ஆக, ஆட்டத்தின் விளைவுகளில் பாதி பேட்டரிடமிருந்தும் பாதி பிட்சரிடமிருந்தும் வருகின்றன. ஓர் அட்டையில் மூன்று பத்திகள், பத்திக்கு 36 சேர்க்கைகள் என மொத்தம் 108 வாய்ப்புகள்.

ரூத்தின் 1927 அட்டையை நாமே தயாரித்துப் பார்ப்போம். அந்த ஆண்டு அவர் மட்டையோடு வந்து நின்றது 691 முறை; ஹோம் ரன்கள் 60; அதாவது நூற்றுக்கு 8.7. அன்றைய அமெரிக்கன் லீக்கில் (இரண்டு பெரிய லீக்குகளில் யாங்கீஸ் ஆடியது; மற்றது நேஷனல் லீக்) சராசரி பேட்டர் நூறு முறைக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகவே ஹோம் ரன் அடித்தார். எனவே சராசரி பிட்சரின் அட்டையில் அந்த அளவுதான் இருக்கும். பாதி விளைவுகள் அந்த வறண்ட அட்டையிலிருந்து வரும்போதும் மொத்தம் 8.7 தேற வேண்டுமானால், ரூத்தின் சொந்த அட்டையில் நூற்றுக்கு 16க்கு மேல் இருந்தாக வேண்டும். 108 வாய்ப்புகளில் ஏறத்தாழ 18. இது நான் போட்ட தோராயக் கணக்கு. விற்பனைக்கு வந்த அட்டையில் மைதானத்துக்கும் பிறவற்றுக்கும் ஏற்பச் சிறு மாற்றங்கள் இருக்கும். ஆனால் வழி இதுதான். கணினியில் பகடைக்குப் பதில் சமவாய்ப்பு எண் வருகிறது, அட்டைக்குப் பதில் நிகழ்தகவு அட்டவணை வருகிறது. ஒரே ஆண்டின் வீரர்களை அதே ஆண்டின் வீரர்களோடு ஆடவிட்டால், பல நூறு சீசன்களின் சராசரியில் இந்த முறை உண்மைப் பதிவுகளை மிக நெருக்கமாகத் திருப்பித் தரும். உங்கள் முதல் கேள்விக்குத் தயக்கமின்றி ஆம் என்பதே என் பதில்.

'பல நூறு சீசன்களின் சராசரியில்' என்பதைக் கவனியுங்கள். 691 முறை, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 8.7 வாய்ப்பு என்றால், ஹோம் ரன் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏழரைக்கு அருகில் வரும். கணினியில் 1927 சீசனை நூறு முறை ஓட்டினால் ரூத் சில முறை 47 அடிப்பார், சில முறை 74 அடிப்பார். 49 வந்தவுடன் மென்பொருள் பழுது என்று எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் துல்லியமாக 60 வந்தால்தான் அதைப் பழுது என்று சொல்ல வேண்டும். உங்கள் தொடரிலும் இதே கதைதான். ஐந்து ஆட்டங்களில் ரூத் சுமார் 22 முறை வந்து நின்றிருப்பார். எதிரே சராசரி பிட்சர்கள் இருந்தாலும்கூட, 22 முறையும் ஹோம் ரன் விழாமல் போக நூற்றுக்கு 13 அல்லது 14 வாய்ப்பு இருக்கிறது. ஏழு தொடர்களில் ஒன்றில் இது நடக்கும்.

தொடரின் முடிவும் அப்படியே. ஓர் அணி ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்ல நூற்றுக்கு 55 வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். பேஸ்பாலில் இரண்டு சிறந்த அணிகளுக்கு நடுவே இது கணிசமான வேறுபாடு. அந்த அணி ஏழு ஆட்டத் தொடரை வெல்ல நூற்றுக்கு 61 வாய்ப்பே உண்டு. ஐந்து தொடர்களில் இரண்டை வலுக் குறைந்த அணி தட்டிச் செல்லும். கணினிக்கு வெளியிலும் இதற்குச் சான்றுகள் உண்டு: 1906இல் 116 வெற்றி, 36 தோல்வி என்று லீக்கை அடித்து நொறுக்கிய சிகாகோ கப்ஸ், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரில் அதே ஊரின் வொயிட் சாக்ஸிடம் 4-2 என்று தோற்றது, 1954இல் 111 ஆட்டங்களை வென்ற கிளீவ்லாந்து, நியூயார்க் ஜயண்ட்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து பறிகொடுத்தது. எனவே நீங்கள் கண்ட 4-1 என்ற முடிவிலிருந்து எதையும் பெற முடியாது. ஆயிரம் தொடர்களை ஓட்டினால் நூற்றுக்கு மூன்று கூடக்குறைய என்ற துல்லியத்தில் ஒரு விடை கிடைக்கும். பெரும்பாலான விளையாட்டுகளில் படக்காட்சியை அணைத்துவிட்டால் அதற்கு நெடுநேரம் ஆகாது.

ஆனால் ஆயிரம் தொடர்களிலிருந்து கிடைக்கும் விடையும் எதைப் பற்றிய விடை என்பதுதான் நடுக் கேள்வி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

1941இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 0.406 என்ற பேட்டிங் சராசரி எடுத்தார். (கிரிக்கெட் சராசரியை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆயிரம் வாய்ப்புகளில் 406 முறை ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை அடைந்தார் என்று பொருள்.) அந்த ஆண்டு அவருடைய லீக்கின் சராசரி 0.266. 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சனை எதிர்கொண்டவர்கள் வெறும் 0.184 அடித்தார்கள்; அவருடைய லீக்கின் சராசரி 0.243. இவர்கள் இருவரும் எதிரெதிரே நின்றால்? 1980களின் தொடக்கத்தில் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சூத்திரமும் அதன் உறவுக்காரச் சூத்திரங்களும் இதைச் சாதக விகிதங்களாக மாற்றுகின்றன. ஹிட் நடப்பதற்கும் நடக்காமல் போவதற்கும் உள்ள விகிதத்தை எடுத்துக்கொண்டால், வில்லியம்ஸ் தம் காலத்துச் சராசரி பேட்டரைப்போல் 1.89 மடங்கு, கிப்சனுக்கு எதிரே அந்த விகிதம் அவர் காலத்துச் சராசரியில் 0.70 மடங்காகச் சுருங்குகிறது. இரண்டையும் பெருக்கி, ஆட்டம் நடக்கும் களத்தின் சராசரியோடு சேர்க்க வேண்டும்.

எந்தக் களம், அதாவது எந்த ஆண்டின் எந்த லீக்கின் சூழல், என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1968 நேஷனல் லீக்கின் களத்தில் வைத்தால் வில்லியம்ஸ் கிப்சனிடம் 0.298 அடிப்பார். 1941இன் களத்தில் 0.324. லீக் முழுவதுமே 0.303 அடித்த 1930 நேஷனல் லீக்கின் களத்தில் 0.365. அதே இரண்டு மனிதர்கள், அதே சூத்திரம்; ஆண்டை மட்டும் மாற்றினால் ஒரு நல்ல பேட்டருக்கும் சகாப்தம் படைத்த பேட்டருக்கும் உள்ள தூரம் விரிந்துவிடுகிறது. அட்டை முறையில் இரண்டையும் எளிய சராசரியாகக் கலந்தால் 0.336 என்று வேறொரு விடை வரும். நானே ஒருமுறை கிப்சனை அணியில் வைத்துக்கொண்டு ஒரு முழு சீசனை ஓட்டி, அவரை எல்லோரும் விளாசித் தள்ளுவதைப் பார்த்து மென்பொருளின் மேல் கோபப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான், முந்தைய ஆட்டத்துக்காக வைத்திருந்த 1930 என்ற அமைப்பை நான் மாற்றவே இல்லை என்பது தெரிந்தது. உங்கள் தொடரில் எந்த ஆண்டின் அமைப்பு இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

இந்த மாற்றத்துக்கு நியாயம் உண்டு. 1968இல் பிட்சர் நின்று எறியும் மேடு 15 அங்குலம் உயரம். பிட்சர்களின் ஆதிக்கம் அளவு மீறிப்போனதால் அடுத்த ஆண்டே அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஆகவே கிப்சனின் அந்த ஆண்டு 1.12 என்ற ரன் சராசரியையும் (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சரின் கணக்கில் சேரும் ரன்கள்; குறைந்தால் நல்லது), 2000இல் பெட்ரோ மார்ட்டினெஸின் 1.74ஐயும் அப்படியே ஒப்பிடக்கூடாது. கிப்சனின் லீக் சராசரி 2.99; மார்ட்டினெஸின் லீக் சராசரி 4.91. தம்மைச் சுற்றியிருந்தவர்களோடு வைத்துப் பார்த்தால் மார்ட்டினெஸின் சாதனைதான் பெரியது. இப்படித் தம் காலத்தைவிட ஒருவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று அளப்பதில் இந்த விளையாட்டுகள் வலுவானவை.

இதே அளவுகோலை ரூத்தின் மேல் வைத்தால் அது உடைந்துபோகிறது. 1927இல் அமெரிக்கன் லீக்கின் எட்டு அணிகளும் சேர்ந்து அடித்தது 439 ஹோம் ரன்கள். ரூத் ஒருவர் மட்டும் 60. யாங்கீஸ் தவிர வேறெந்த அணியும் அந்த லீக்கில் 60ஐத் தொடவில்லை. சாதக விகிதத்தில் அவர் சராசரி பேட்டரைப்போல் பத்து மடங்கு. 1998இல் சராசரி பேட்டர் நூறு முறைக்கு இரண்டே முக்கால் ஹோம் ரன்னை நெருங்கினார். அந்தக் களத்தில் பத்து மடங்கை அப்படியே போட்டுப் பார்த்தால் ரூத்துக்கு நூற்றுக்கு 22 ஹோம் ரன், சீசனுக்கு 150ஐ ஒட்டி வரும். அந்த ஆண்டு உலகமே வாய்பிளந்து பார்த்த மார்க் மெக்வயரின் எண்ணிக்கை 70. 150 என்பதை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. 1927இல் பெரும்பாலான பேட்டர்கள் ஹோம் ரன்னுக்குக் குறிவைத்து மட்டையைச் சுழற்றவே இல்லை. அந்தப் பத்து மடங்கில் ரூத்தின் திறமை எவ்வளவு, மற்றவர்கள் முயலாமல் இருந்தது எவ்வளவு என்று எண்களைக் கொண்டு மட்டும் பிரிக்க இயலாது. ஆகவே விளையாட்டை வடிவமைப்பவர் ஏதோ ஓர் இடத்தில் கையால் ஒரு கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. கடிவாளம் எவ்வளவு இறுக்கமானது என்பது வடிவமைப்பவரின் தீர்ப்பு. கணக்கு அதைத் தரவில்லை. ஹோம் ரன்னை அவ்வளவாக நம்பியிராத, மட்டை வரிசை முழுவதும் பலம் பரவியிருந்த 1998 அணிக்கு இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை: 207 ஹோம் ரன்களை அடித்த அந்த அணியில் அதிகம் அடித்த டினோ மார்ட்டினெஸின் எண்ணிக்கையே 28தான். உங்கள் மோதலில் ஓர் அணியின் பலம் முழுவதும் ஐயத்துக்குரிய இடத்தில் இருக்கிறது, மற்றதன் பலம் உறுதியான இடத்தில் இருக்கிறது என்பதால், முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெரும்பகுதி வடிவமைப்பவரின் கையில்தான்.

இதைவிட ஆழமான ஐயம் ஒன்று உண்டு. லீக் சராசரியை அளவுகோலாக வைக்கும்போது, 1927இன் சராசரி வீரரும் 1998இன் சராசரி வீரரும் சமம் என்று சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறோம். 1927இல் இரண்டு லீக்குகளிலும் சேர்த்து 16 அணிகள். கறுப்பின வீரர் ஒருவருக்கும் அவற்றில் இடமில்லை, ஜாக்கி ராபின்சன் நுழைந்தது 1947இல்தான். 1998இல் 30 அணிகள். யாங்கீஸ் அணியிலேயே பனாமாவின் மரியானோ ரிவேரா, புவேர்ட்டோ ரிக்கோவின் பெர்னி வில்லியம்ஸ், கியூபாவின் ஓர்லாண்டோ ஹெர்னாண்டஸ், ஜப்பானில் ஆடிவந்த ஹிடெக்கி இராபு எல்லாம் இருந்தார்கள். அணிகள் ஏறத்தாழ இரண்டு மடங்கானபோது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் களம் அதைவிட மிக விரிந்தது. பயிற்சி, உணவு, மருத்துவம் எல்லாம் மாறின. பின்னாளின் சராசரி வீரர் உயர்ந்தவர் என்பதே என் கருத்து. எவ்வளவு உயர்ந்தவர் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எண் எதுவும் இல்லை. நான் பார்த்தவரை எந்த விளையாட்டும் தானாக இதற்குக் கழிவு போடுவதில்லை, போடாமல் இருப்பதே நேர்மை என்றும் நினைக்கிறேன்.

கறுப்பின வீரர்களுக்கெனத் தனியே நடந்த நீக்ரோ லீக்குகளின் வீரர்களைச் சேர்த்து ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும். அந்த லீக்குகளின் எண்கள் 2024 மே மாதம் அதிகாரபூர்வப் பதிவுகளில் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் ஜோஷ் கிப்சன் 0.372 என்று அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைக் கடந்து முதலிடம் பெற்றார். அது நெடுநாள் தாமதித்துக் கிடைத்த நியாயம். ஆனால் அங்கே ஒரு சீசனின் லீக் ஆட்டங்கள் மிகக் குறைவு என்பதால் தனி ஆண்டு எண்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதல். அவரை அணியில் சேர்ப்பவர்கள் தனி ஆண்டு அட்டையைவிட வாழ்நாள் அட்டையைப் பயன்படுத்துவது நல்லது.

தனி ஆண்டு அட்டையின் குறை அவருக்கு மட்டும் உரியது அல்ல. 600 வாய்ப்புகளில் 0.300 அடிக்கும் உண்மைத் திறன் கொண்டவருக்கு, அதிர்ஷ்டத்தால் மட்டுமே 19 புள்ளிகள் (0.019) திட்ட விலக்கம் உண்டு. 1961இல் டெட்ராய்டின் நார்ம் கேஷ் 0.361 அடித்தார், அடுத்த ஆண்டு 0.243, அதன்பின் 0.300ஐ அவர் தொடவே இல்லை. விளையாட்டில் '1961 கேஷ்' என்று எடுத்தால் அந்த 0.361 அவருடைய நிலையான திறமையாகிவிடுகிறது. உங்கள் 1927 அணியிலும் ஒரு கேஷ் இருக்கிறார்: பிட்சர் வில்சி மூர். முப்பது வயதை ஒட்டி அறிமுகமாகி, அந்த ஓராண்டில் 19 வெற்றி, 7 தோல்வி, 2.28 ரன் சராசரி. அந்த உயரத்தை அவர் மறுபடி எட்டவில்லை. மென்பொருளுக்கு அவர் என்றென்றும் 2.28தான். இதன் உச்சம் ஜான் பேசியோரெக். 1963இல் ஹூஸ்டன் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடி, மூன்று வாய்ப்பில் மூன்று ஹிட், இரண்டு வாக் (பிட்சர் நான்கு முறை குறி தவறி எறிந்தால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவசத் தளம்) எடுத்தார். முதுகு வலியால் மறுபடி பெரிய லீக்கில் ஆடவில்லை. ஆட்ட வரம்பை (ஒருவர் உண்மையில் ஆடிய அளவுக்கு மேல் அவரை ஆடவிடாத அமைப்பு) அணைத்துவிட்டு அவரை அணியில் போட்டால் பெரும்பாலும் அவுட்டே ஆகமாட்டார். வரம்பு என்ற அமைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர் பெயர்தான்.

பிட்சரை மாற்றுவது போன்ற முடிவுகளை எடுக்கும் கணினி மேலாளரைப் பற்றிச் சுருக்கமாக: அதுதான் இந்த விளையாட்டுகளின் பலவீனமான உறுப்பு. எடி டோம்ப்ரோவரும் டான் டாக்லோவும் உருவாக்கி 1987இல் வந்த ஏர்ல் வீவர் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டு, அந்தப் பெயருடைய உண்மையான மேலாளரின் சிந்தனையை நிரலுக்குள் கொண்டுவர முயன்றது. பின்வந்தவை அதை மெருகேற்றின. இருந்தும் 1927 பிட்சரை எப்போது மாற்றுவது என்பதில் மென்பொருள் தடுமாறும். அன்று தொடங்கிய பிட்சரே முடிப்பது வழக்கம். 1998இல் எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 1927 அணியை 1998 பாணியில் நடத்தினால் நடுத்தரப் பிட்சர்கள் வந்து அடிவாங்குவார்கள். இரண்டு அணிகளுக்கும் தனித்தனி அமைப்பு கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் 1927 சீசனை மட்டும் இருபது, முப்பது முறை ஓட்டி, ரூத்தின் ஹோம் ரன் சராசரி 60ஐச் சுற்றி வருகிறதா, அணி 110 வெற்றிகளை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அணி அதற்குச் சற்றுக் கீழே நின்றால் கலங்க வேண்டாம். 110 வென்ற அணிக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டமும் கொஞ்சம் துணைநின்றிருக்கும். பிறகு 1927 களத்தில் ஆயிரம் தொடர், 1998 களத்தில் ஆயிரம் தொடர் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே அணி தெளிவாக முன்னால் நின்றால், தம் தம் காலத்தைவிட அதிகம் உயர்ந்து நின்ற அணி அது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. களத்தை மாற்றியதும் வெற்றியாளரும் மாறினால் அதையும் மறைக்காமல் இங்கே எழுதுங்கள், எந்த ஆண்டின் அமைப்பு என்பதையும் சேர்த்து.